மாமனார் அறையில் மீன் தொட்டி

என் மாமனார் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், என் சொந்த வீட்டில், ஒரு கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும். ஆனால் உள்ளே மாமனார் இருக்கும்போது மருமகள் தள்ளக் கூடாத கதவு.

எங்கள் ஏரிக்கரை ஊரான கரோங்காவில் மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கித் திரும்பி நின்றுகொள்வாள். அவரோடு பேச மாட்டாள், அவர் இருக்கும் அறைக்குள் போக மாட்டாள், செத்தாலும் அவர் பெயரைச் சொல்ல மாட்டாள். அவரும் அவள் குரல் கேட்டாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். இதையெல்லாம் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். என் மாமனார் விடவில்லை. சபையில் மூப்பர், ஊரில் வழக்குத் தீர்க்கிறவர், ஒரு பொய் சொன்னார் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் முதுகும் இருமலும்தான்.

அப்படிப்பட்டவர் சைக்கிள் டாக்ஸியின் பின் சீட்டிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வாராவாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான். மாமனார் வந்து மகன் வீட்டில் தங்குவது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். அவரே மூன்று நாள் முரண்டு பிடித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் என் மீன்கள். வேறு வழியில்லாமல் மீன் அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம்.

மீன்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏரிக்கரையில் ஒரு மீன் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஏரியின் கலர் மீன்களைப் பிடித்துப் பையில் போட்டு, எங்கோ இருக்கிறவர்களின் வரவேற்பறைக்கு விமானத்தில் அனுப்புகிற இடம். இந்த மீன்களில் தாய் தன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். மூன்று வாரம் ஒரு வாய் தின்னாது. அதிர்ச்சியோ பெரிய சத்தமோ வந்தால் குஞ்சுகளைத் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். அப்படி வாய் நிறைந்த பதினோரு தாய்களை என் பொறுப்பில் விட்டிருந்தார் முதலாளி. நிலையத்தில் ஜெனரேட்டர் அடிக்கடி படுத்துவிடுவதால், தொட்டி, ஃபில்டர், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊரில் கரண்ட் போனாலும் ஃபில்டர் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று வீட்டு லைனோடு சேர்க்காமல் தனியாக மாட்டச் சொன்னவள் நான்தான். என்ன ஒரு கெட்டிக்காரி.

ஃபில்டர் என்பது தொட்டியின் பின்பக்கம் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. தண்ணீரை ஒரு குழாயால் உறிஞ்சி, ஸ்பாஞ்ச் வழியாக விட்டு, முன்பக்க வாயால் மறுபடி தொட்டிக்குள்ளேயே கொட்டும். அது பழசாகிவிட்டதால் இரைச்சல் போட்டது. எனக்குப் பழகிவிட்டது. மாமனார் வந்த மறுநாளே புகார் வந்தது, வழக்கம்போல என் கணவர் அம்போகிலே வாயால்.

"துசெகிலே, அப்பா கண்ணே மூடலையாம். யாரோ பக்கத்துல உக்காந்து நறநறன்னு பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்காம்."

"உங்கப்பா சொன்னதா, நீங்க சேர்த்ததா?"

"பல்லு அவரோடது. நறநற என்னோடது. படுக்கிற நேரத்துக்கு மட்டும் ஆஃப் பண்ணிடேன். மீனும் தூங்கட்டும்."

"ஆஃப் பண்ணினா உங்க மூக்கை அந்த நேரம் முழுக்க நான் பொத்திப் பிடிக்கறேன், சரியா? அந்த ஸ்பாஞ்சுல நல்ல கிருமி உயிரோட இருக்குங்க. மீனோட அழுக்கைத் தின்னு தண்ணியை நல்லா வெச்சுக்கறதே அதுதான். தண்ணி ஓடலைன்னா மூச்சு முட்டிச் செத்துடும். காலைல ஆன் பண்ணினதும் அந்த அழுகல் எல்லாம் தொட்டிக்குள்ள போகும். பதினோரு தாயும் மல்லாந்துடும். முதலாளிக்கு நீங்க போய் பதில் சொல்லுங்க."

"நான் வாத்தியார். எனக்குக் கணக்குக்கு மட்டும்தான் பதில் தெரியும்."

சரி, சத்தத்தைக் குறைத்துத் தருகிறேன் என்றேன். நிறுத்தாமல் குறைப்பதுதான் வித்தை. ஆனால் அறைக்குள் நான் எப்போது போவது? காலையில் அம்போகிலே அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போகும் இருபது நிமிஷம்தான் எனக்கு. அவர்கள் பின்வாசலைத் தாண்டியதும் நான் உள்ளே ஓடுவேன். திரும்பி வரும்போது அம்போகிலே இரண்டு முறை இருமுவார். நான் போட்டது போட்டபடி அடுப்படிக்கு ஓடிவிடுவேன். என் வீட்டுக்குள்ளேயே நான் திருடி மாதிரி நடமாடினேன்.

திங்கட்கிழமை பெட்டிக்குள் சுற்றும் சின்னக் காற்றாடியைக் கழற்றினேன். மணலும் ஒரு நத்தைக் கூடும் சிக்கியிருந்தன. பல்லைக் கடித்தது அதுதான். செவ்வாய்க்கிழமை ஸ்பாஞ்சைக் கழுவினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலிருக்கும் மருந்து நல்ல கிருமியைக் கொன்றுவிடும். அதனால் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் இரண்டு பிழி பிழிந்தேன், அவ்வளவுதான். புதன்கிழமை பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகினேன். அதிர்வு நின்றது. கொட்டுகிற தண்ணீர் உயரத்திலிருந்து விழாதபடி தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர் கூட்டினேன். மேல்தண்ணீர் கொஞ்சம் அசைந்தாக வேண்டும், அப்போதுதான் மீனுக்குக் காற்று கிடைக்கும். அதனால் சலசலப்பைக் கொஞ்சம் விட்டுவைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்போகிலே சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "பல்லுக் கடி போயிடுச்சாம். ஆனா இப்ப யாரோ நிக்காம ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்காங்களாம். அதைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் வருதாம்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் ஒளிந்து ஒளிந்து பாடுபட்டதற்கு இதுதானா? "நாளைக்குக் காலைல அந்த வாயில ஒரு மெல்லிசு ஸ்பாஞ்சு வெச்சுப் பார்க்கறேன். அதுவரைக்கும் அவர் எதையும் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க."

"தொடாதீங்கன்னு அப்பாகிட்டயா? அவர் என்ன சின்னப் பிள்ளையா? நாளைக்குச் சரியாயிடும்னு சொல்றேன், போதும்."

அவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தொட வேண்டாம் என்ற பாதி என் புருஷன் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. எழுந்ததிலிருந்து எல்லாம் அவசரம். பரீட்சை நடக்கிறதென்று அம்போகிலே ஏழு மணிக்கே பள்ளிக்கூடம் போய்விட்டார். குளியல் இல்லை, அதனால் எனக்கும் அறைக்குள் போக நேரமில்லை. எனக்கும் மாமனாருக்கும் நடுவில் தட்டும் சேதியும் கொண்டு போகிற என் ஏழு வயது மகள் லுகானோவையும் கூடவே அழைத்துப் போனார். தெருவில் ஒரு சாவு. எல்லாரும் சாவு வீட்டுக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு எனெலெஸ் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலி ஓரம் நின்றாள்.

"நீ வரலையா லுகானோ அம்மா?"

"உள்ள பெரியவர் தனியா இருக்காரே, எப்படி வர?"

"நீ மட்டும் இருந்து என்னத்தைப் பார்த்துக்கப் போற? உள்ளயும் போக மாட்டே, பேசவும் மாட்டே. மீனுக்கு நீ காவல், உனக்குக் கதவு காவல். நல்ல குடித்தனம்டி!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பத்து மணிக்கு நான் அடுப்படியில் மத்தியானத்து வாழைக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தச் சலசலப்பு நின்றது. நின்றது என்று நான் உணரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் எனக்கு வந்தது சந்தோஷம். செருப்புத் துண்டு நன்றாக அழுந்தி உட்கார்ந்துவிட்டது, தண்ணீர் மட்டமும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பத்து வருடமாக மீனோடு பிழைக்கிறவள், தொட்டி ஊமையானால் முதலில் பதற வேண்டியவள், நான் உட்கார்ந்து வாழைக்காய் சீவினேன். இதை எனக்கு நானே மன்னித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் டக், டக், டக் என்று கேட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. பெட்டி மறுபடி கண்ணாடியில் இடிக்கிறது. டக், டக். நின்றது. மறுபடி டக், டக், டக், டக். "நாளைக்கு வா, உன்னை உடைச்சு அடுப்புல போடறேன்" என்று அடுப்படியிலிருந்தே ஃபில்டரைத் திட்டினேன். அது கேட்டது போல வேகமாக இடித்தது. வாழைக்காயை இறைச்சியோடு சட்டியில் போட்டு, உப்புப் போட்டு, மூடினேன். கடைசியாக ஒரே ஒரு டக். அதோடு ஏதோ உலோகம் தரையில் விழுந்து உருண்டது.

கையைத் துடைத்துக்கொண்டு நடு அறைக்கு வந்தேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கை அகலத்துக்கு, சிமெண்டில் மெதுவாகப் படர்ந்துகொண்டிருந்தது. பாசி வாசனை. தொட்டித் தண்ணீர்தான், வேறென்ன? தொட்டி உடையவில்லை, உடைந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். ஃபில்டரிலிருந்துதான் வழிகிறது. அதன் வாயை யாரோ அடைத்திருக்க வேண்டும். வாய் அடைபட்டால் பெட்டி நிறைந்து, பின்பக்கமாகச் சுவர் வழியே தரைக்குக் கொட்டும். தொட்டியையே தரைக்கு இறைத்துவிடும். அந்தத் தரையில், தொட்டி மேசைக்குப் பின்னால், ஜங்ஷன் பாக்ஸ் கிடக்கிறது. செங்கல் மேல் வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜங்ஷன் பாக்ஸ்.

அதற்கு ஐந்து அடி தள்ளிக் கட்டில். கட்டிலில் ஒரு காலில் மாவுக்கட்டோடு ஒரு மனிதர். அவர் தாங்கி நடப்பது அலுமினியக் கட்டையில்.

அப்போதுதான் புரிந்தது. இடித்தது ஃபில்டர் இல்லை. அவர் கட்டையால் சுவரைத் தட்டியிருக்கிறார். மருமகளை வாய் திறந்து கூப்பிட முடியாது. மகன் வீட்டில் இல்லை என்று தெரியும். தட்டினால் நான் யாரையாவது கூட்டி வருவேன் என்று நம்பித் தட்டியிருக்கிறார். நான் அவரைத்தான் உடைத்து அடுப்பில் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது தட்டல் நின்றுவிட்டது.

முதலில் மெயினை அணைக்க ஓடினேன், பாதி வழியில் நின்றேன். மெயினை அணைத்து என்ன பயன்? தொட்டி ஓடுவது பேட்டரியில். அந்தப் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அதே அறையில், தொட்டிக்கு அடியில். ஊரே இருண்டாலும் நிற்காதபடி நானே மாட்டச் சொன்னது. வெளியிலிருந்து அதை நிறுத்த ஒரு வழியும் நான் விட்டுவைக்கவில்லை.

அம்போகிலேவுக்கு ஃபோன் போட்டேன். பரீட்சை ஹாலில் அணைத்து வைத்திருந்தார். வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தேன். ஒரு கோழியைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. சாவு வீட்டுப் பாட்டு தூரத்தில் கேட்டது. ஓடிப் போய் ஓர் ஆளைக் கூட்டி வரக் கால் மணி ஆகும். ஜன்னல் பக்கம் ஓடினேன். உள்ளே திரை இழுத்து விட்டிருந்தது, என் கண்ணில் படாமல் இருக்க அவரே இழுத்து விடுவது. கம்பி வலையில் காதை வைத்துக் கேட்டேன். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி கதவுக்கு வந்தேன். மாமனாரிடம் சொல்லியே ஆக வேண்டிய சேதி இருந்தால், வேறு யாரிடமோ சொல்வது போல உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கு வேறு யாரும் இல்லை. அந்தக் கோழி பின்னாலேயே வந்திருந்தது.

"ஏ கோழி! தரைல காலை வெச்சுடாதே! தண்ணில கரண்ட் இருக்கு! கட்டில்லயே இரு, கேக்குதா?"

பதில் இல்லை.

"கோழி! கேட்டுதுன்னா ஒரே ஒரு தட்டு தட்டு! உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு தட்டு!"

ஒன்றும் இல்லை. வெளிச்சுவரில் பல்லி ஓடுவதுகூடக் கேட்டது. பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. வேறு எந்த மனிதராக இருந்தாலும், பதில் வரவில்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இவர் ஒன்பது வருடமாகப் பதில் சொல்லாதவர். உயிரோடு இருந்தாலும் இப்படித்தான் இருப்பார், செத்துக் கிடந்தாலும் இப்படித்தான் இருப்பார். நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

உள்ளே போய், அவர் நன்றாக உட்கார்ந்திருந்தால்? மாமனார் அறைக்குள் புகுந்தவள் என்று என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டாலும் அந்த மனிதர் வெட்கத்தில் ஊரில் தலைகாட்ட மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் உள்ளே சாகிறாரோ என்று நடுங்கிக்கொண்டே இதையும் நினைத்தேன். பயத்தில் மனசு இவ்வளவு சின்னதாகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரம் உள்ளே கரகரவென்று ஃபில்டர் உறுமத் தொடங்கியது. தொட்டியில் தண்ணீர் இறங்கி, குழாய் வெறும் காற்றை உறிஞ்சுகிற சத்தம். ஃபில்டர் உறுமுகிறது என்றால் கரண்ட் இன்னும் ஓடுகிறது. தண்ணீரும் தரையில் நிற்கிறது.

நிலையத்து ரப்பர் பூட்ஸ் பின்வாசலில் கிடந்தது. இடது வலது பார்க்காமல் மாட்டினேன். அடுப்படியிலிருந்து காய்ந்த விறகுக் குச்சி ஒன்றை எடுத்தேன். பாவாடைக்கு மேலே இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டேன். கதவைத் தள்ளினேன்.

துணிக்குள்ளிருந்து என் பூட்ஸ் நுனியும் தண்ணீரும்தான் தெரிந்தன. இன்வெர்ட்டர் எங்கே என்று தெரியவில்லை. இரண்டடி வைத்தேன். கட்டில் கிரீச் என்றது. உயிரோடு இருக்கிறார்! அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கட்டில் ஏன் கிரீச் என்கிறது? துணியை இழுத்துப் போட்டேன்.

சுவர் பக்கம் பார்த்தபடி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று மூடிக்கொண்டிருக்கிறார். கம்பளிக்குள் அவருக்குத் தரை தெரியாது. மருமகள் அறைக்குள் வந்துவிட்டாள், இனி தான் அங்கே இருக்கக் கூடாது. எத்தனையோ வருடப் பழக்கம் அவரை எழுப்பியது. மாவுக்கட்டுக் காலைக் கட்டிலில் நீட்டியபடி, நல்ல காலைக் கீழே இறக்கினார். வெறுங்கால். தண்ணீருக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண் இல்லை.

கோழி என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

தொண்டை கிழியக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். வாழ்நாளில் எந்தப் பெண் வாயிலிருந்தும் அப்படித் தன் பெயரைக் கேட்டிராத மனிதர் அப்படியே உறைந்தார். கால் அந்தரத்தில் நின்றது. நான் குனிந்து மேசைக்கு அடியில் விறகுக் குச்சியை நீட்டி இன்வெர்ட்டர் பொத்தானை அழுத்தினேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை அமுங்கியது. உறுமல் அடங்கியது. ஜங்ஷன் பாக்ஸின் ஒயரைக் குச்சியாலேயே இழுத்துப் பிடுங்கினேன்.

"முடிஞ்சுது. இப்ப ஒண்ணும் ஆகாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். கம்பளியை எடுக்காமலே அவர் காலை மறுபடி கட்டில் மேல் ஏற்றிக்கொண்டார். ஃபில்டரின் வாயில் அவர் தலைத்துண்டு நன்றாக மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. அலுமினியக் கட்டை தண்ணீரில் கிடந்தது.

பிறகு வேலை செய்தேன், வேறென்ன செய்வேன்? தரையைத் துடைத்தேன். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் மிஞ்சியிருந்தது, அதில் பதினோரு தாயும் அடியில் ஒண்டியிருந்தன. ஸ்பாஞ்ச் காய்ந்துவிடாமல் அதே தண்ணீரில் முக்கி வைத்தேன். பீப்பாயில் முந்தின நாள் பிடித்து ஆறவைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஜங்ஷன் பாக்ஸைச் சுவரில் உயரத்தில் ஆணியடித்து மாட்டி, மறுபடி ஓட விட்டேன். இரண்டு தாய் முட்டையைத் துப்பியிருந்தன. ஒன்பது கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர் கம்பளியை எடுக்கவில்லை, நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்போகிலே வந்து கேட்டதும் அழுதுவிட்டார். கடைசியாகத் தட்டும்போது கட்டையின் நுனி தண்ணீரில் பட்டதாம். "தண்ணி கடிச்சுதுடா" என்று அவர் அப்பா சொன்னாராம். கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாராம். கோழிக்குச் சொன்னதெல்லாம் கேட்டதாம், தட்டத்தான் கை வரவில்லையாம். நான் உள்ளே வந்ததும் அதெல்லாம் மறந்துபோய்க் காலை இறக்கிவிட்டாராம். நான் பெயரைச் சொன்னது பற்றி மாமனார் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் தெரு சொல்லியது. சாவு வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எனெலெஸும் இன்னும் இரண்டு பெண்களும் கேட்டிருக்கிறார்கள். எனெலெஸ் வாயில் எது தங்கும்? சனிக்கிழமைக்குள் சேதி அம்போகிலேயின் அத்தை வரைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அந்த அம்மாள் வந்திறங்கினாள். மாமனாரின் பெயரைத் தெரு முழுக்கக் கத்திச் சொன்ன மருமகளை அப்பா வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து அபராதமாக ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால்தான் திரும்ப முடியும். என் அப்பா வீட்டில் ஆடுகூடக் கிடையாது. லுகானோவின் சட்டைகளை மடித்து வைத்துவிட்டு, அவளையும் அழைத்துப் போக விடுவார்களா என்று தெரியாமல் மறுபடி பிரித்து அடுக்கினேன்.

அத்தையும் மாமனாரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்.

"மூணு பேர் கேட்டிருக்காங்க, அண்ணே" என்றாள் அத்தை. "உன் பேரு. உன் வீட்டு மருமக வாயால. மறைக்காதே."

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நான்தான் கத்தினேன்."

மாமனாரின் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது.

"நீயா? உன் பேரை நீயே கத்தினியா?"

"ஆமா. சாகப் போற நேரத்துல யாரைக் கூப்பிட? பையன் இஸ்கூல்ல. வீட்ல எனக்குத் தெரிஞ்ச ஆம்பளை நான் ஒருத்தன்தான். அவனைக் கூப்பிட்டேன்."

"விளையாடாதே அண்ணே. பொம்பளைக் குரல்னு சொல்றாங்க."

"தண்ணில கரண்ட் கடிச்சா உனக்கு ஆம்பளைக் குரல் வரும், எனக்குப் பொம்பளைக் குரல் வரும். சந்தேகமா இருந்தா இப்பவே காட்டறேன், கேட்டுக்கோ."

நாற்காலி நகர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் அந்தச் சபை மூப்பர், ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிறவர், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, மெல்லிய கீச்சுக் குரலில் தன் பெயரைத் தானே கத்தினார். தெருவில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை, "போதும், போதும், நிறுத்து!" என்று கெஞ்சினாள். அவர் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு தடவை கத்தினார். நான் அன்று கத்தியபடியே, அதே இடத்தில் இழுத்து, அதே இடத்தில் குரல் உடைந்து.